ஏ. தெமிஸ்ஸே என்றால் யார்?

அத்தியாயம் 14

போன வாரம் அஸ்காலெவை பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழுவின் தலைவர் டாக்டர் மாத்தேவோஸின் அறை வாசலில், கையில் காபிக் கோப்பையோடு நிற்கவைத்துவிட்டு வந்தோம். காபி அப்போதே ஆறிப்போனது. அவள் மனசுதான் இன்று வரை ஆறவில்லை.

பின்னே? விரிவுரையாளராகவே இருந்து தலை நரைத்தவள், இப்போதுதான் இணைப் பேராசிரியர் பதவிக்கு மனுப் போட்டிருந்தாள். ஆதாரமாகக் காட்ட அவளிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய கட்டுரை. இளம் வயதில் சோடோ மலைச்சரிவில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, என்செத் இலைகளைக் கிள்ளிச் சேர்த்து, எந்தச் செடிக்கு எந்தச் செடி சொந்தம் என்று மரபணுவைப் பார்த்து எழுதியது. இன்று உலகம் முழுக்க அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

மாத்தேவோஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னது இதுதான்.

"அந்தக் கட்டுரை உங்க தங்கச்சி எழுதினது இல்லையாம்மா? கம்ப்யூட்டர்ல அவங்க கணக்குலதான் வருது."

தவறு யார் மேல் என்று கேட்டால், செத்துப்போன அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். நம் ஊரில் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. நம் பெயர், அதற்குப் பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். இவள் அஸ்காலெ தெமிஸ்ஸே. தங்கை ஐனாலெம் தெமிஸ்ஸே. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அப்பா பெயரை முழுசாக அச்சிட்டுவிட்டு, பிள்ளையின் பெயரை ஓர் ஆங்கில எழுத்தாக வெட்டிவிடுவார்கள். அஸ்காலெவை வெட்டினாலும் 'ஏ'. ஐனாலெமை வெட்டினாலும் 'ஏ'. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே துறைக்குப் படிக்கப் போவார்கள் என்று தெமிஸ்ஸே கண்டாரா?

"உங்க தங்கச்சியே வந்து 'என்னோடது இல்ல'ன்னு சொல்லிட்டாப் போதும்" என்று மாத்தேவோஸ் முடித்திருந்தார். "இல்லைன்னா குழு ஒத்துக்காதும்மா. ஓய்வு பெறுற வரைக்கும் இப்படியேதான் இருக்கணும்."

அந்தத் தங்கைதான் இன்று வருகிறாள்.

*

காலையிலிருந்தே வீட்டில் அம்மாவின் கால் தரையில் படவில்லை. வொர்க்கெ அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது அஸ்காலெ ஏதாவது வேலை சொன்னால் மட்டும் வருவது. இன்று கீரை வதங்கிக்கொண்டிருந்தது, கொச்சோ ரொட்டி கல்லில் கிடந்தது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து தங்க விளிம்பு போட்ட காபிக் கிண்ணங்கள் இறங்கியிருந்தன.

"அந்த மசாலா வெண்ணெயை எடு" என்றாள் அம்மா.

"தீந்துபோச்சுன்னு போன வாரம் சொன்னியே."

"உனக்குத் தீந்துபோச்சு. ஐனுவுக்கு இருக்கு. பானைக்குப் பின்னால பாரு."

இருந்தது. ஒரு கிண்ணம் நிறைய, மஞ்சளாக, மணமாக இருந்தது. ஒரே முற்றத்தில் இருந்துகொண்டு, தினமும் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பஜாஜ் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறவள் அஸ்காலெ. அவளுக்கு வெறும் எண்ணெயில் வதக்கிய கீரை. வருஷத்துக்கு இருமுறை தலைநகர் அடிஸிலிருந்து வந்து கன்னத்தில் மூன்று முத்தம் வைத்துவிட்டுப் போகிறவளுக்கு மசாலா வெண்ணெய். ஐம்பது வயதில் வெண்ணெய்க்காகப் பொறாமைப்படுவது வெட்கக்கேடுதான். ஆனாலும் பொறாமையாகத்தான் இருந்தது.

"அம்மா, அந்தக் கட்டுரை விஷயம் சொன்னேனே."

"சொன்ன."

"இன்னிக்கு மத்தியானம் யுனிவர்சிட்டி பெரிய ஹால்ல ஐனு பேசப்போறா. எல்லாரும் இருப்பாங்க. மாத்தேவோஸும் இருப்பார். அங்க வெச்சு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "எனக்கு ஒண்ணுதான் புரியல. இன்னிக்குக் கூட்டத்துக்கு வர்ற அந்த நைரோபிக்காரி ஃபோன்ல கூப்பிட்டப்போ 'டாக்டர் தெமிஸ்ஸே இருக்காரா'ன்னு கேட்டா. செத்துப்போயிட்டாருன்னு சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டா."

அஸ்காலெவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"லாரி ஓட்டினப்போ உங்கப்பா லைசென்ஸ்கூட ஒழுங்கா வாங்கினதில்ல. இப்பப் பாரு, செத்த பிறகு ஊர் ஊராப் பட்டம் வாங்கறார்" என்றாள் அம்மா. பிறகு மகளின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். "இந்தா, அந்த மூஞ்சிய மாத்திக்கிட்டு வா."

"எந்த மூஞ்சி?"

"கெட்டுப்போன கொச்சோவைக் கடிச்சுட்டு, விருந்து வீட்டுல துப்பவும் முடியாம இருப்பியே, அந்த மூஞ்சி. அவ ஸ்வீடனுக்குப் போன அன்னிலிருந்து இதையேதான் மாட்டிக்கிட்டு அலையற."

*

வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஐனாலெம் இறங்கினாள். நல்ல தைத்த கோட்டு, குட்டை முடி, கழுத்தில் மாநாட்டு அட்டை. அட்டையில் 'டாக்டர் தெமிஸ்ஸே' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அப்பாவின் பெயர் அவள் நெஞ்சில் ஆடிக்கொண்டு வந்தது.

முத்தங்கள் முடிந்தன. அம்மா மருமகன் வந்த மாதிரி பரபரத்தாள். ஐனாலெம் பையைத் திறந்து அம்மாவுக்குச் செருப்பு, அக்காவுக்கு மழைக்கோட்டு எடுத்துக் கொடுத்தாள்.

"நீ தோட்டம் தோட்டமா ஏறுவியேக்கா. நல்ல கனமான துணி. உள்ள ஈரமே போகாது."

"நான் ஏறுறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு, ஐனு. இப்ப நான் ஏறுறது முதல் வருஷப் பசங்க வகுப்புக்கு மாடிப்படி மட்டும்தான். அங்க மழை பெய்யாது."

"உனக்கு எதைக் கொடுத்தாலும் குத்தம்."

"உனக்கு நான் கொடுத்ததுல ஒரு குத்தமும் இல்லையே. பத்திரமா வெச்சிருக்க."

ஐனாலெமின் கை கோட்டுப் பொத்தானில் நின்றது. அம்மா காபிக்கொட்டையை வறுக்கும் சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"பின்னால வா, பேசலாம்" என்றாள் ஐனாலெம்.

வீட்டுக்குப் பின்னால் என்செத் தோட்டம். பார்வைக்கு வாழை. ஆனால் பழத்துக்காக யாரும் இதை நடுவதில்லை. பருத்த அடித்தண்டைச் சுரண்டி, குழியில் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் கொச்சோ ரொட்டி சுடலாம். மழை பொய்த்த வருஷங்களில் இந்த வட்டாரத்தைக் காப்பாற்றியது இதுதான். இலைகளின் நடுநரம்பு சிவந்திருந்த ஒரு வரிசைக்குப் பக்கத்தில் சகோதரிகள் இருவரும் நின்றார்கள். அம்மா கல்யாணமாகி வந்தபோது பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்த கன்றின் வம்சம் அது. அந்தச் சிவப்பு நரம்பைப் பார்த்துத்தான் அஸ்காலெவுக்கு அந்தக் கட்டுரையின் யோசனையே பிறந்தது.

"மாத்தேவோஸ் உன்கிட்ட பேசினாரா?" என்று கேட்டாள் அஸ்காலெ.

"மெயில் போட்டிருந்தார்."

"எப்ப?"

"மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரமா என்ன பண்ணின?"

ஐனாலெம் ஓர் இலையை மடக்கி விரித்தாள். "வேணும்னு செஞ்சதா நினைக்கிறியா? கம்ப்யூட்டர்தான் சேத்துடுச்சு. எனக்கே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

"தெரிஞ்ச பிறகு?"

"தெரிஞ்ச பிறகு என்ன? கோபன்ஹேகன்ல ஒரு கூட்டம். ஒரு கிழவர் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். 'நீதானா அந்த தெமிஸ்ஸே'ன்னார். நான் சிரிச்சேன்."

"சிரிச்ச."

"சும்மா சிரிச்சேன்க்கா. நூறு பேர் நிக்கற இடத்துல எங்க ஊர்ப் பேர் வைக்கிற வழக்கத்தை எல்லாம் விளக்கிக்கிட்டு நிக்க முடியுமா? அடுத்த கூட்டத்துல இன்னொருத்தர் கேட்டார். அங்கயும் சிரிச்சேன். அப்புறம் அவங்களே என்னை என்செத் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டாங்க. அதுவரைக்கும் நான் பார்லியில இருந்தேன்."

அஸ்காலெ கேள்விப்படாத கதை இது. தங்கை பார்லியை விட்டு என்செத்துக்கு மாறியபோது, 'என்னைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறாள்' என்று உள்ளூரப் பெருமைப்பட்டிருந்தாள். பைத்தியக்காரி.

அவளுக்கும் ஸ்வீடனில் படிக்க இடம் வந்தது. அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்த வருஷம் அது. யாராவது ஒருத்தி இருக்க வேண்டும். யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மூத்தவள் இருப்பாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இளையவளுக்கும் தெரிந்திருந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்குச் சொல்லிடு" என்றாள் அஸ்காலெ. "ஒரே வார்த்தை. 'அது எங்க அக்காவோடது'ன்னு. மாத்தேவோஸ் காதுல விழணும், அவ்வளவுதான்."

"இன்னிக்கு வேண்டாமே."

"ஏன்?"

"மோரா வந்திருக்காங்க."

டாக்டர் மோரா யார் என்று பல்கலைக்கழகத்தில் காவலாளிக்குக்கூடத் தெரியும். நைரோபியிலிருந்து வந்திருக்கிறாள். இங்கே சோடோவில் ஒரு பெரிய என்செத் ஆய்வு மையம் அமைக்கப் போகிறது அவளுடைய அமைப்பு. ஊர் ஊராக அழிந்துகொண்டிருக்கும் ரகங்களை எல்லாம் ஒரே இடத்தில் நட்டுக் காப்பாற்றும் மையம். அதற்கு இயக்குநர் யார் என்று முடிவு செய்யத்தான் வந்திருக்கிறாள்.

"நாப்பது கட்டுரை எழுதியிருக்க. அவங்களுக்கு அது போதாதா?" என்று கேட்டாள் அஸ்காலெ.

ஐனாலெம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "மையம் கைக்கு வரட்டும். அப்புறம் உனக்கு என்ன வேணுமோ நான் எழுதித் தரேன். மாத்தேவோஸ் என்ன, துணைவேந்தர்கிட்டயே பேசறேன்."

"நீ பிச்சை போட்டு நான் வாங்கணும்."

"அப்படி இல்லக்கா."

"என் இலை. என் கால். என் கட்டுரை. அதை நீ பெரிய மனசு பண்ணி எனக்குக் கொடுக்கணும், நான் நன்றி சொல்லணும். மழைக்கோட்டுக்குச் சொன்ன மாதிரி."

"மழைக்கோட்டுக்கு நீ நன்றியே சொல்லல."

"சொல்லவும் மாட்டேன்."

உள்ளேயிருந்து அம்மா காபிக்குக் கூப்பிட்டாள். முதல் சுற்றில் இருவரும் குடித்தார்கள். இரண்டாம் சுற்றிலும் குடித்தார்கள். மூன்றாம் சுற்று ஊற்றுவதற்குள் ஐனாலெம் எழுந்து, நேரமாகிவிட்டது என்று காரில் ஏறிப் போய்விட்டாள். மூன்றாவது கிண்ணம் குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்கு ஆசீர்வாதம் இல்லை என்று அம்மா ஹாலுக்குக் கிளம்பும் வரை புலம்பினாள். அந்தக் கிண்ணத்தையும் அஸ்காலெதான் குடிக்க வேண்டியிருந்தது.

*

பெரிய ஹால் நிறைந்திருந்தது. அஸ்காலெ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா, வெள்ளை நெத்தெலா சால்வை போர்த்தி, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "பேசப்போறது என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருப்பதும் பெண்தான் என்பது அவளுக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

மாத்தேவோஸ் முதல் வரிசையில் இருந்தார். மோரா மேடையேறினாள். உயரமான பெண், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை.

"நான் கிசி மலைக்காரி. எங்க ஊர்ல வாழை. உங்க ஊர்ல என்செத். அதனால தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம்" என்றாள். ஹால் சிரித்தது. "மாணவியா இருந்தப்போ ஒரு கட்டுரை படிச்சேன். ஒரு தோட்டத்து என்செத்துக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கற தோட்டத்துச் செடி சொந்தம் இல்ல. அந்த வீட்டுக்கு மருமகளா வந்த பொண்ணு எந்த ஊரோ, அந்த ஊர்ச் செடிதான் சொந்தம். கல்யாணமாகிப் போற பொண்ணு கையில அம்மா ஒரு கன்று கொடுத்தனுப்பறா. பொண்ணுங்க போன வழியிலயே செடியும் போயிருக்கு. மரபணுவுல அந்தக் கல்யாணம் எல்லாம் தெரியுது. அந்த நாளிலிருந்து என் ஆராய்ச்சியே மாறிப்போச்சு. அதை எழுதினவங்க இன்னிக்கு நம்ம முன்னால பேசப்போறாங்க."

கைதட்டல். அஸ்காலெ தட்டவில்லை. தன் வரிகளை, தன் மலைகளை, தன் அம்மாவின் சிவப்பு நரம்பைத் தங்கைக்கு மாலையாகப் போடுகிறார்கள். எழுந்து கத்திவிடலாமா என்று நினைத்தாள். கத்தினால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்றும் அவளுக்குத் தெரியும். பொறாமை பிடித்த அக்கா என்று சொல்லும். அது பொய்யும் இல்லையே.

ஐனாலெம் மைக்கின் முன் நின்றாள். வழக்கமாக முதல் வார்த்தையிலேயே ஹாலைப் பிடித்துவிடுகிறவள். இன்று தண்ணீர் குடித்தாள். படத்தைப் போட்டாள். திரையில் இரண்டு என்செத் செடிகள் தெரிந்தன.

"இது ரெண்டுக்கும் மலைக்கு மேல ஒரே பேரு" என்று ஆரம்பித்தாள். "ஒண்ணு நோயைத் தாங்கும். இன்னொண்ணு தாங்காது. பேரு ஒண்ணா இருக்கறதால, ஒண்ணு இருந்தாப் போதும்னு ஜனங்க இன்னொண்ணை வெட்டிடறாங்க. பல வருஷம் கழிச்சு நோய் வரும்போதுதான் எது போச்சுன்னு தெரியும். ஒரே பேர்ல ரெண்டு உயிர் இருந்தா, ஒண்ணு அழியறது வெளியில தெரியவே தெரியாது."

நிறுத்தினாள். அவள் பார்வை மூன்றாவது வரிசைக்கு வந்தது.

"இந்த ஹால்ல ஏ. தெமிஸ்ஸே ரெண்டு பேர் இருக்காங்க. டாக்டர் மோரா சொன்ன கட்டுரையை எழுதினது நான் இல்ல. எங்க அக்கா அஸ்காலெ. அது வந்தப்போ நான் ஸ்வீடன்ல பார்லி எண்ணிக்கிட்டிருந்தேன். எல்லாரும் என்னைக் கேட்டப்போ நான் மறுத்திருக்கணும். மறுக்கல. இன்னிக்கு மறுக்கறேன்."

தலைகள் திரும்பின. அஸ்காலெவைத் தேடிப் பார்த்தன. பிறகு மறுபடி மேடைக்குத் திரும்பின. எங்கிருந்தோ ஒருவர் எழுந்து கைதட்டினார். அடுத்து இன்னொருவர் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் ஹாலே எழுந்து நின்று தட்டியது.

ஐனாலெமைப் பார்த்துத் தட்டியது.

என்ன நேர்மை, என்ன பெருந்தன்மை என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அஸ்காலெவின் முழங்கையைப் பிடித்தாள். "பாத்தியாடி என் ஐனுவை" என்றாள்.

அஸ்காலெவும் எழுந்து தட்டினாள். தட்டாமல் எப்படி இருப்பது? கேட்டது கிடைத்துவிட்டது. முழுசாக, ஊர் பார்க்க, மாத்தேவோஸ் காதில் விழும்படி கிடைத்துவிட்டது. ஆனால் கட்டுரையை அவளிடம் கொடுத்துவிட்டு, கைதட்டலைத் தங்கை கொண்டுபோய்விட்டாள். சொன்னதைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள், அந்த ரெண்டு செடிப் படத்தோடு. இதை நேற்றே தயார் பண்ணியிருப்பாளோ? அப்படியென்றால் காலையில் தோட்டத்தில் நடந்தது என்ன? இல்லை, மேடையில் ஏறிய பிறகு மனசு மாறியதா? இப்படி யோசிப்பது கேவலம் என்று அவளுக்கே தெரிந்தது. யோசனை நிற்கவில்லை.

*

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் காபியும் சோளப்பொரியும் வைத்திருந்தார்கள். முதலில் மாத்தேவோஸ் ஓடிவந்தார்.

"அஸ்காலெம்மா, நாளைக்கே குழுவைக் கூட்டறேன். இனிமே தடையே இல்ல. நான் அப்பவே நினைச்சேன்."

"என்ன நினைச்சீங்க?"

"இது உங்க கட்டுரையாத்தான் இருக்கும்னு."

"நினைச்சதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, டாக்டர்."

மாத்தேவோஸ் சோளப்பொரியை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அஸ்காலெவுக்கு நிஜமாகவே சந்தோஷம் வந்தது. கதவில் பெயர்ப்பலகை மாறும். முதல் வருஷ வகுப்பு போய், மூத்த மாணவர்கள் வருவார்கள். தங்கைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள். மழைக்கோட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஐனாலெம் ஜன்னல் பக்கம் இரண்டு காபிக் கோப்பைகளோடு நின்றிருந்தாள். ஒன்று தனக்கு. ஒன்று டாக்டர் மோராவுக்கு. மோரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஐனாலெம் கோப்பையை நீட்டினாள். மோரா அதைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி நேரே அஸ்காலெவிடம் வந்து நின்றாள்.

"டாக்டர் தெமிஸ்ஸே" என்றாள்.

"நான் டாக்டர் இல்லைங்க. எம்.எஸ்ஸியோட நின்னுட்டேன்."

"அந்தக் கட்டுரை எழுதினப்போ டாக்டரா இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பல வருஷமா மண்டையைக் குடையுது. முப்பது தோட்டத்துல, ரெண்டு தோட்டத்துச் செடி மட்டும் அந்த வீட்டு மருமகளோட ஊரோட ஒத்துப்போகல. ஏன்னு கட்டுரையில எழுதல."

அஸ்காலெ யோசிக்கவே இல்லை. "அந்த ரெண்டு வீட்டுப் பொண்ணுங்களும் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணினவங்க. அம்மா கன்று கொடுத்தனுப்பல. புருஷன் வீட்டுக்குப் பக்கத்துல இருந்தவங்கதான் இரக்கப்பட்டு ஆளுக்கொண்ணு கொடுத்தாங்க. அதை எழுதினா அவங்க மானம் போகும்னு விட்டுட்டேன்."

மோரா வாய்விட்டுச் சிரித்தாள். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. சிரித்து முடித்ததும் அவள் முகம் காரியத்துக்கு வந்துவிட்டது.

"நான் நைரோபியிலிருந்து வந்தது இந்த மாதிரி ஒரு பதிலுக்குத்தான். எங்க அமைப்புல எல்லாரும் ஒரே முடிவா இருக்கோம். இந்த மையத்துக்கு இயக்குநரா, அந்தக் கட்டுரையை எழுதினவங்கதான் வரணும். இத்தனை நாள் அது உங்க தங்கச்சின்னு நினைச்சுட்டோம். நாளைக்குக் காலைல ஹோட்டலுக்கு வரீங்களா?"

அஸ்காலெவின் கையில் சோளப்பொரி அப்படியே நின்றது. காலையில் தோட்டத்தில் தங்கை வாயைத் திறந்து மூடிக்கொண்டது எதற்கென்று இப்போது விளங்கியது. நாற்பது கட்டுரை போதாதா என்று கேட்டோமே. போதாது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் மேடையில் சொன்னாளா, சொன்னால்கூட இந்த இடம் தனக்குத்தான் என்று நம்பிச் சொன்னாளா?

வேண்டாம் என்று சொல்லலாம். தங்கைக்குத்தான் அனுபவம், நான் ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைத்தே எவ்வளவோ காலமாகிறது என்று சொல்லலாம். மூத்தவள் சொல்ல வேண்டியது அதுதான். ஆனால் 'வரேன்' என்று சொல்லத்தான் அவள் நாக்கு துடித்தது. தன் வாழ்நாளில் எதற்கும் இப்படித் துடித்ததில்லை.

மோராவின் தோளுக்கு மேலே பார்த்தாள். ஜன்னல் பக்கம் ஐனாலெம் இரண்டு கோப்பைகளையும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. சிரிக்க முயன்றாள். உதடு இழுத்துக்கொண்டதே தவிர, மற்ற எதுவும் கூட வரவில்லை.

அப்போதுதான் அம்மா, நெத்தெலாவைச் சரிசெய்துகொண்டு, புதுச் செருப்பு கடித்ததால் நொண்டி நொண்டி அங்கே வந்து சேர்ந்தாள். சின்ன மகளின் கையிலிருந்து ஒரு கோப்பையை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள். மறுபடி இளையவளைப் பார்த்தாள்.

"என்னடி ஐனு இது?" என்றாள் அம்மா. "அக்கா மூஞ்சி உனக்கு எப்படி வந்துது?"